மூட்டு வாதக்காரருக்குத் தடுப்பூசி ஆகுமா?

(கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர், அண்ணனூர்)

நமது சங்க அங்கத்தினர்கள் பலருக்குக் கைவிரல்களே மூலதனம். தறியில் அறுந்த பாவு இழையைப் பிடித்து முடிச்சிடுவதும், நாற்றைப் பிரித்து நடுவதும், செடி நோகாமல் பூக்கொய்வதும் விரல் மூட்டுகள் செம்மையாக இயங்கினாலன்றி நடவாத காரியங்கள். அம்மூட்டுகளே வீங்கி, காலையில் எழுந்து ஒரு மணி நேரம் சென்ற பின்னும் விரலை மடக்க முடியாமல் விறைத்து நின்றால், அக்குடும்பத்தின் வருமானம் குன்றுகிறது. சங்கத்துக்குச் சேர வேண்டிய கடன் தவணையும் தங்கிப் போகிறது. தவணை தவறியோர் பட்டியலில் சோம்பலைவிட நோயே மிகுதி என்பது கணக்குப் பார்வையிடும் எவருக்கும் தெரிந்த உண்மை.

இந்நோய்க்கு இக்காலத்தில் நல்ல மருந்துகள் உண்டு. அவற்றைத் தவறாமல் உட்கொள்வோர் மீண்டும் தறியில் அமர்கின்றனர், வயலில் இறங்குகின்றனர். ஆனால் அவர்களிடையே ஓர் ஐயம் நெடுநாளாக உலவி வருகிறது. “எனக்கு மூட்டு வாதம். அதற்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நான் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா? போட்டுக்கொண்டால் வீக்கம் அதிகமாகுமா? ஊசி போடும் நாளில் மாத்திரையை நிறுத்த வேண்டுமா?” என்பவையே அக்கேள்விகள். அண்ணனூர், திருமுல்லைவாயில், ஆவடி வட்டாரத்து அங்கத்தினர்களும் இதைக் கேட்கின்றனர். பொதட்டூர்ப்பேட்டை, பள்ளிப்பட்டுப் பக்கத்து நெசவாளரும் கேட்கின்றனர். பலர் விடை தெரியாமலே ஊசியைத் தவிர்த்து விடுகின்றனர். வேறு சிலர் தாமாகவே மாத்திரையை நிறுத்தி விடுகின்றனர். இரண்டும் தீங்கு விளைவிப்பவை. ஆகவே இவ்விஷயத்தைச் சற்று விரிவாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நோயின் இயல்பு

மூட்டு நோவு எல்லாம் ஒரே நோயன்று. வயது ஏற ஏற முழங்கால் தேய்ந்து வலிப்பது தேய்மானம். அதற்கும் இக்கட்டுரைக்கும் சம்பந்தமில்லை. இங்கே நாம் பேசுவது அழற்சியால் வரும் மூட்டு வாதத்தைப் பற்றி. சரவாங்கி என்றும் முடக்குவாதம் என்றும் நம் முன்னோர் வழங்கிய ருமட்டாய்டு வாதம், சொரியாசிஸ் என்னும் தோல் நோயோடு கூடி வரும் மூட்டு வாதம், முதுகெலும்பை இறுக்கும் ஸ்பாண்டிலைட்டிஸ் முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை. ருமட்டாய்டு வாதம் ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகப் பற்றுகிறது.

நம் உடலில் நோய்க் கிருமிகளை எதிர்ப்பதற்கென்றே ஒரு காவற்படை இருக்கிறது. அப்படை பகைவன் யார், வீட்டான் யார் என்று அறியாமல் சொந்த மூட்டுகளின் உட்சவ்வையே தாக்கத் தொடங்குவதுதான் இந்நோய். எனவே மருத்துவர் கொடுக்கும் மருந்துகளில் பல அக்காவற்படையை அடக்கி வைக்கும் வேலையைச் செய்கின்றன. மெத்தோட்ரெக்ஸேட், லெஃப்ளூனமைட், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகள், டோஃபாசிடினிப், ஊசியாக ஏற்றப்படும் அடாலிமுமாப், ரிட்டுக்ஸிமாப் ஆகியவை இத்தகையன. ஹைட்ராக்ஸிகுளோரோக்வின், சல்ஃபாசலசின் ஆகிய இரண்டும் இவ்வளவு கடுமையாக அடக்குவதில்லை.

படையை அடக்கினால் மூட்டு பிழைக்கிறது. ஆனால் காவல் சற்றுத் தளர்கிறது. நோயும் தன் பங்குக்குக் காவலைக் கெடுக்கிறது. ஆதலால் இந்நோயாளருக்கு இன்புளூயன்சா, நிமோனியா, அக்கி முதலியவை பிறரைவிட எளிதில் வருகின்றன. வந்தால் கடுமையாகவும் இருக்கின்றன. நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடப்பவருக்கு மூட்டு மருந்தையும் சில காலம் நிறுத்த வேண்டி வரலாம். அப்பொழுது அடங்கியிருந்த வீக்கமும் திரும்பி வந்துவிடும். ஒரு நோய்க்குப் பதில் இரண்டு. தடுப்பூசி எவருக்கேனும் மிக அவசியம் என்றால், அது இவர்களுக்கே அவசியம்.

உயிருள்ளதும் உயிரற்றதும்

தடுப்பூசி என்றதும் நம் மூத்தோருக்கு அம்மை குத்துதலே நினைவுக்கு வரும். கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் தயாரித்த அம்மைப்பாலைக் கையில் கீறி வைத்தால், கொப்புளம் எழும்பி, காய்ச்சல் கண்டு, தழும்பு நிற்கும். அப்பணியால்தான் பெரியம்மை ஒழிந்தது. 1975-க்குப் பின் இந்தியாவில் அந்நோய் எவருக்கும் வரவில்லை. 1980-இல் உலகிலேயே இல்லையென அறிவிக்கப்பட்டது. ஆனால் “ஊசி போட்டால் நோய் சிறிது வந்துதான் தீரும்” என்ற எண்ணம் அந்நாளிலிருந்தே நம் மனத்தில் தங்கிவிட்டது. அம்மைப்பால் உயிருள்ள கிருமியால் ஆனது. அதனால் அவ்வாறு நேர்ந்தது. இன்றைய தடுப்பு மருந்துகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை அல்ல.

தடுப்பு மருந்துகளை இரண்டு வகையாகப் பிரித்து நினைவில் வைத்துக்கொள்வது நலம். கொல்லப்பட்ட கிருமியையோ, கிருமியின் ஒரு துணுக்கையோ, செயலிழக்கச் செய்த நஞ்சையோ கொண்டவை முதல் வகை. இன்புளூயன்சா ஊசி, நிமோனியா ஊசி, மஞ்சட்காமாலை பி ஊசி, டெட்டனஸ் ஊசி, வெறிநாய்க் கடி ஊசி ஆகியவை இதில் அடங்கும். இவை உடலில் பெருக மாட்டா. நோயை உண்டாக்கவும் மாட்டா. காவற்படையை அடக்கும் மருந்து உண்போரும் இவற்றை அச்சமின்றிப் போட்டுக்கொள்ளலாம். கொரோனாவுக்கு 2021-இல் நம் நாட்டில் போடப்பட்ட கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டுமே உடலில் பெருகாதவைதாம். அவ்வாண்டு மார்ச்சு மாதம் 45 முதல் 59 வயதுள்ளோரில் யாருக்கு முதலில் ஊசி போடுவதென மத்திய அரசு நோய்ப் பட்டியல் வெளியிட்டபோது, ஸ்டீராய்டும் காவற்படையை அடக்கும் மருந்துகளும் நெடுநாள் உண்போரையும் அதில் சேர்த்தது. அவர்களை விலக்கவில்லை, முன்வரிசையில் நிறுத்தியது. இதை நாம் கருதிப் பார்க்க வேண்டும்.

உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துக் கொடுப்பது இரண்டாம் வகை. தட்டம்மை–ரூபெல்லா ஊசி, சின்னம்மை ஊசி, மஞ்சட்காய்ச்சல் ஊசி, பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, மூக்கில் தெளிக்கும் இன்புளூயன்சா மருந்து ஆகியவை இவ்வகை. நல்ல காவல் உள்ள உடலில் இவை தீங்கு செய்வதில்லை. காவல் அடக்கப்பட்ட உடலில் வலுக்குறைந்த கிருமியும் தலைதூக்கக் கூடும். ஆகையால் இவ்வகை ஊசிகளை மூட்டு வாத மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாமல் போட்டுக்கொள்ளலாகாது. தேவைப்படுமாயின், மருந்து தொடங்குவதற்குக் குறைந்தது 4 வாரம் முன்னதாகவே போட்டு முடிப்பது முறை.

பி.சி.ஜி.யைப் பற்றி ஒரு சொல். சயரோக பயத்தால் அதைப் பெரியவர்களும் போட்டுக்கொண்டால் என்ன என்று கேட்போர் உளர். 1968-இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், 200-க்கு மேற்பட்ட கிராமங்களில் தொடங்கிப் பல்லாண்டு நடந்த பெரிய ஆராய்ச்சி, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் சயரோகத்தை அவ்வூசி தடுக்கவில்லை என்றே காட்டியது. அடாலிமுமாப் போன்ற மருந்துகளால் உள்ளே உறங்கும் சயரோகம் விழித்துக்கொள்ளும் ஆபத்து உண்மையே. அதற்குப் பரிகாரம் பி.சி.ஜி. அன்று. மருந்து தொடங்குமுன் மார்பு எக்ஸ்ரேயும் சயரோகச் சோதனையும் செய்து, உறங்கும் கிருமி இருந்தால் அதற்கு மாத்திரை உண்பதே பரிகாரம்.

ஊசியால் வீக்கம் அதிகமாகுமா?

ஊசி போட்ட இரண்டொரு நாள் கைவலி, உடல்வலி, இலேசான காய்ச்சல் இருக்கலாம். மூட்டு சற்று நோகலாம். அது தானே தணியும். உண்மையில் நோய் கிளர்ந்தெழுகிறதா என்பதைக் கொரோனா ஊசிக் காலத்தில் ஐரோப்பிய வாத நோய் மருத்துவர் சங்கம் பதிவேடு வைத்துக் கவனித்தது. அழற்சி வாதமுள்ளோர் ஆயிரக்கணக்கானவரில், ஊசிக்குப் பின் நோய் கிளர்ந்ததாகப் பதிவானோர் 100-க்கு 5 பேருக்கும் குறைவு. மருந்தை மாற்ற வேண்டி வந்தவர் 100-க்கு 2 பேர்கூட இல்லை. நிமோனியாவோ கொரோனாவோ வந்தால் விளையும் கேட்டோடு ஒப்பிட்டால் இது சிறிய விலையே.

நோய் அடங்கியிருக்கும் காலத்தில் ஊசி போட்டுக்கொள்வது சிறந்தது. ஆயினும் முற்றும் அடங்கட்டும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது சரியன்று.

மாத்திரையை நிறுத்தலாமா?

இங்கேதான் மிகுந்த நிதானம் வேண்டும். காவற்படையை அடக்கும் மருந்து, தடுப்பூசி கற்பிக்கும் பாடத்தையும் படை சரியாகக் கற்காமல் செய்துவிடுகிறது. அதாவது ஊசி தீங்கு செய்வதில்லை. ஆனால் அதன் பலன் குறைகிறது. மெத்தோட்ரெக்ஸேட்டைச் சில நாள் நிறுத்தினால் பலன் கூடுமா என்ற கேள்வி எழுந்தது. தென் கொரியாவில் இன்புளூயன்சா ஊசிக்குப் பின் 2 வாரம் அம்மருந்தை நிறுத்திப் பார்த்தனர். பலன் கூடியது என 2018-இல் வெளியிட்டனர்.

நமக்கு இன்னும் நெருங்கிய சான்று கொச்சியில் கிடைத்தது. அங்குள்ள மூட்டு வாத மருத்துவர்கள், ருமட்டாய்டு வாதமும் சொரியாசிஸ் வாதமும் உள்ள, மெத்தோட்ரெக்ஸேட் உண்ணும் நம் நாட்டு நோயாளரிடம், நாம் போட்டுக்கொண்ட அதே கோவிஷீல்டு ஊசியை வைத்து இரண்டு ஆராய்ச்சிகள் நடத்தி 2022-இல் முடிவை வெளியிட்டனர். முதல் ஆராய்ச்சியில் ஒரு சாரார் இரண்டு ஊசிக்குப் பின்னும் 2 வாரம் வீதம் மாத்திரையை நிறுத்தினர்; மற்றொரு சாரார் நிறுத்தவில்லை. இரண்டாவதில் ஒரு சாரார் இரண்டாம் ஊசிக்குப் பின் மட்டும் நிறுத்தினர். நிறுத்தியவர்களின் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி தெளிவாக உயர்ந்திருந்தது. ஆனால் இருமுறையும் நிறுத்தியவர்களிடையே மூட்டு நோய் கிளர்ந்தவர் தொகையும் கூடியிருந்தது. இரண்டாம் ஊசிக்குப் பின் ஒரு முறை மட்டும் நிறுத்துவதே போதிய பலனும் குறைந்த சேதமும் தரும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

இதிலிருந்து நாம் கொள்ளும் பாடம் யாது? நிறுத்துவதால் ஒரு வரவும் உண்டு, ஒரு செலவும் உண்டு. அவ்வரவு செலவைக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். ஓராண்டாக வீக்கமே இல்லாதவருக்கு இரண்டு வாரம் நிறுத்துவது எளிது. தீபாவளிப் பாவு தறியில் ஏறியிருக்கும் வேளையில், இப்பொழுதுதான் வீக்கம் தணியத் தொடங்கிய நெசவாளிக்கு அதே நிறுத்தம் ஒரு மாதக் கூலியைப் பறித்துவிடலாம். இருவருக்கும் ஒரே விதி பொருந்தாது. நிறுத்த மருத்துவர் சொல்லாவிடில் நிறுத்தாமலே போட்டுக்கொள்க. குறைந்த பலனும் பலனே.

மூன்று எச்சரிக்கைகள். ஒன்று: இந்த நிறுத்தம் மெத்தோட்ரெக்ஸேட்டைப் பற்றியது மட்டுமே. ஸ்டீராய்டு மாத்திரையை ஒருபொழுதும் திடீரென நிறுத்தலாகாது, உயிருக்கே அபாயம். இரண்டு: மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை உண்ணும் மருந்து. விட்டுப்போன வாரத்துக்கும் சேர்த்து விழுங்குவதோ, நாள்தோறும் உண்பதோ பெருங்கேடு. அவ்வாறு உண்டு உயிரிழந்தோரும் உண்டு. மூன்று: ரிட்டுக்ஸிமாப் ஏற்றிக்கொள்வோருக்கு அதன் பின் ஆறு மாதம் வரை தடுப்பூசி சரிவரப் பற்றுவதில்லை. அவர்கள் அடுத்த தவணை நெருங்கும்போது ஊசி போட்டுக்கொண்டு, குறைந்தது 2 வாரம் கழித்து மருந்தை ஏற்றிக்கொள்வது முறை. இன்புளூயன்சா ஊசி மட்டும் அதற்கெனக் காத்திராமல் பருவத்தில் போட்டுக்கொள்ளத் தக்கது.

எவை, எப்பொழுது?

இன்புளூயன்சா ஊசி ஆண்டுக்கு ஒருமுறை. அக்கிருமி ஆண்டுதோறும் வேடம் மாறுவதால் ஊசியும் மாறுகிறது. நிமோனியா ஊசியில் பல வகை உண்டு. எது, எத்தனை என்பதை மருத்துவர் கூறுவார். மஞ்சட்காமாலை பி கிருமி உடலில் இருக்கிறதா என்று மருந்து தொடங்குமுன்பே இரத்தச் சோதனை செய்ய வேண்டும். இருந்தால் மருந்து அதைக் கிளப்பிவிடும். இல்லையெனில் ஊசி போட்டுக் காத்துக்கொள்ளலாம். அக்கி நோய்க்கு உயிரற்ற வகை ஊசி 2023 முதல் இந்தியாவில் விற்பனையில் உள்ளது. இரண்டு தவணை, விலை மிக அதிகம். ஐம்பது வயது கடந்தோரும், டோஃபாசிடினிப் போன்ற மருந்து உண்போரும் அதைப் பற்றி மருத்துவரிடம் கேட்டறிவது நன்று.

மண்ணோடும் சாணத்தோடும் உறவாடும் விவசாயிக்கும், இரும்பு ஆணி கீறும் தொழிலாளிக்கும் டெட்டனஸ் ஊசி இன்றியமையாதது. அது செயலிழந்த நஞ்சே. மூட்டு வாதக்காரருக்கு எத்தடையும் இல்லை.

நாய்க் கடிக்கு நாள் பார்த்தலே கூடாது. வெறிநோய் வந்தால் பிழைத்தல் அரிது. கடிவாயைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். வயிற்றில் 14 ஊசி என்ற பழைய முறை ஒழிந்து பல ஆண்டுகள் ஆயின. மூட்டு வாத மருந்து உண்போர் அதனை அவசியம் அங்கே சொல்ல வேண்டும். ஏனெனில் அவர்களுக்கு இலேசான கீறலுக்கும்கூட, ஊசித் தொடரோடு இம்யூனோகுளோபுலின் என்னும் ஆயத்த எதிர்ப்பு மருந்தும் செலுத்த வேண்டும் என்பது விதி.

வீட்டிலுள்ளோர் கடமை

நோயாளிக்கு ஊசி அரைப் பலனே தருமாயின், வீட்டிலுள்ள மற்றவர்கள் தங்கள் ஊசிகளைத் தவறாமல் போட்டுக்கொள்வது அவருக்கு வேலி போன்றது. குழந்தைகளுக்கான ஊசிகளையும் போலியோ சொட்டையும் நிறுத்தலாகாது. சொட்டு மருந்துண்ட குழந்தையின் மலத்தில் சில வாரம் கிருமி வெளிப்படும். ஆகையால் அக்குழந்தையின் துணி மாற்றும் வேலையை நோயாளி செய்யாமல் பிறர் செய்வதும், எல்லோரும் கையைச் சோப்பிட்டுக் கழுவுவதும் நலம்.

கருவுற்ற காலத்தின் பிற்பகுதியில் அடாலிமுமாப், இன்ஃபிளிக்ஸிமாப் போன்ற மருந்து ஏற்றிக்கொண்ட தாய்மார், பிரசவ அறையிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். அம்மருந்து குழந்தையின் இரத்தத்திலும் சில மாதம் இருக்கும். நம் நாட்டில் பிறந்தவுடன் போடப்படும் பி.சி.ஜி. உயிருள்ள வகை. அதை எப்பொழுது போடுவது என்று மருத்துவர் முடிவு செய்யட்டும்.

சொல்லாமை என்னும் ஆபத்து

மேலே கூறிய யாவும் ஒன்றையே அடிப்படையாகக் கொண்டவை. ஊசி போடுபவருக்கு நோயாளி என்ன மருந்து உண்கிறார் என்பது தெரிந்திருக்க வேண்டும். முகாமில் வரிசையில் நிற்கும்போது “எனக்கு ஒன்றுமில்லை” என்று கூறிவிடுவது நம் வழக்கம். மருந்தின் பெயர் எழுதிய சீட்டு இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போவதும் வழக்கம். அத்துடன் மூட்டு வலி பறந்துவிடும் என்று சொல்லி விற்கப்படும் பெயரில்லாப் பொட்டலங்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டுள்ளது. அதை உண்பவர் தாம் அடக்கும் மருந்து உண்பதாகவே அறியார். அவரிடம் கேட்டாலும் சரியான விடை கிடைக்காது.

நம் வட்டாரத்தாருக்கு நல்ல ஆலோசனை தூரத்தில் இல்லை. அண்ணனூரில் மின்சார ரயிலேறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கினால், எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. அங்கே வாத நோய்க்கெனத் தனித் துறை இயங்குகிறது. மருந்து தொடங்கும் அன்றே “எனக்கு எந்த ஊசிகள் வேண்டும்? எதை முதலில் போட வேண்டும்?” என்று கேட்டுவிடுவதே உத்தமம். காவல் அடங்குமுன் போட்ட ஊசி முழுப் பலன் தரும்.

சங்கம் என்ன செய்யலாம்?

நஷ்டம் வந்த பிறகு எந்தச் சங்கமும் சேமநிதி திரட்ட முடியாது. லாபம் உள்ள ஆண்டிலேயே ஒதுக்கி வைக்க வேண்டும். தடுப்பூசியும் அவ்வாறே. இக்கொள்கையை நன்கு அறிந்த நாம், நம் அங்கத்தினர் உடல்நலத்திலும் அதைக் கையாளலாம்.

முதலாவது, மூட்டு வாத மருந்து உண்ணும் ஒவ்வோர் அங்கத்தினரும் மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய நாள், போட்டுக்கொண்ட ஊசிகளின் பெயர், தேதி இவற்றை ஒரு சிறு அட்டையில் எழுதிப் பாஸ் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளட்டும். எழுத இயலாதவருக்குச் சங்க குமாஸ்தா எழுதிக் கொடுக்கலாம். அவ்வட்டை அங்கத்தினரிடமே இருத்தல் வேண்டும். ஒருவர் நோய் ஊரார் பேச்சுக்குப் பொருளாகலாகாது.

இரண்டாவது, இன்புளூயன்சா, நிமோனியா ஊசிகளைப் பெரியவர்கள் பெரும்பாலும் விலை கொடுத்தே வாங்க வேண்டியிருக்கிறது. தினக்கூலிக்கு அது பாரம். மாதம் சிறு தொகை சிக்கன சேமிப்பாகச் சேர்த்து வந்தால், ஆண்டு இறுதியில் ஊசிச் செலவுக்குக் கை கடிக்காது. பொதுநல நிதியுள்ள சங்கங்கள் உபவிதிக்கு உட்பட்டு இதற்கு உதவ முடியுமா என்று நிர்வாகக் குழுவில் விவாதிக்கலாம்.

மூன்றாவது, ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை அழைத்து அங்கத்தினரின் ஐயங்களுக்கு விடை கேட்கலாம். பெண் அங்கத்தினர்கள் அவசியம் வர வேண்டும். இந்நோய் அவர்களையே அதிகம் பற்றுகிறது. மருந்தைப் பற்றி வெளியே சொல்லக் கூசுவோரும் அவர்களே.

விரல் மூட்டு ஒருமுறை கோணிவிட்டால் பழைய நிலைக்கு மீட்பது கடினம். அதைக் காக்கும் மருந்தை விடாமல் உண்க. உண்ணும் மருந்தை ஊசி போடுபவரிடம் மறைக்காமல் சொல்க. உயிரற்ற ஊசிக்கு அஞ்சற்க. உயிருள்ள ஊசியைக் கேட்டுப் போட்டுக்கொள்க. இவ்வளவையும் செய்வோர்க்கு மூட்டு வாதம் இருந்தும் தறி ஓடும், கடன் தவணையும் தங்காது என்று நம்பலாம்.